விடுமுறைப் பயணம் புறப்படும் குடும்பங்களுக்கு



ஆகஸ்ட் விடுமுறை நெருங்கினால் நம் வீடுகளில் ஒரு புதுக்கணக்கு ஆரம்பமாகிறது. மகனுக்கு மட்டக்களப்பில் கூடைப்பந்துப் பயிற்சி முகாம். மகளுக்கு மெய்வல்லுநர் பயிற்சி. அந்த நாட்களை நடுவில் வைத்துக்கொண்டு அதற்கு முன்னும் பின்னும் மற்றவற்றைச் சேர்க்கிறார்கள். பிள்ளையைக் கொண்டுபோய் விடுகிற வழியில் பெரியம்மா வீடு, கூட்டிவருகிற வழியில் தேற்றாத்தீவு யூதாததேயு ஆலயம், இடையில் ஒருநாள் பாசிக்குடாக் கடல். வாடகைக்கு ஒரு வான் பிடித்தால் எவ்வளவு, பஸ்ஸில் போனால் எவ்வளவு, சமைத்துக் கட்டிக்கொண்டு போவதா, கடையில் வாங்குவதா என்று இரவில் விளக்கை அணைத்த பிறகும் தாயும் தகப்பனும் பேசிக்கொண்டிருப்பார்கள்.

இந்தப் பேச்சிலே திருச்சபைக்கு என்ன வேலை என்று கேட்கிறீர்களா? நிறைய வேலை இருக்கிறது. நற்செய்தி ஏட்டிலே இயேசுவின் பிறப்புக்கும் அவருடைய திருமுழுக்குக்கும் இடையே உள்ள ஏறக்குறைய முப்பது ஆண்டுகளில், அவரது இளமைப் பருவத்தைப் பற்றி விரிவாகச் சொல்லப்பட்டுள்ள நிகழ்ச்சி ஒன்றே ஒன்றுதான். அது ஒரு குடும்பப் பயணத்தின் கதை. அதிலும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையைத் தொலைத்துவிட்ட பயணத்தின் கதை!

லூக்காவின் இரண்டாம் அதிகாரத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். சூசையப்பரும் மாமரியும் ஆண்டுதோறும் பாஸ்காத் திருநாளுக்கு எருசலேம் போகிறவர்கள். நாசரேத்திலிருந்து நூறு கிலோமீற்றருக்கும் அதிகமான தூரம். கால்நடையாகப் பல நாட்கள். தனியாகப் போவதில்லை. சுற்றத்தார், ஊரார் என்று ஒரு கூட்டமாகவே போவார்கள். திருநாள் முடிந்து திரும்பும்போது பிள்ளை கூட்டத்தில் எங்கோ வருகிறான் என்று எண்ணிக்கொண்டு ஒருநாள் வழி நடந்துவிட்டார்கள். பொழுது சாய்ந்த பிறகுதான் தேடினார்கள். மூன்று நாட்களின் பின் ஆலயத்தில், வேத அறிஞர்களின் நடுவில் கண்டார்கள். தாய் கேட்ட கேள்வியில் வருத்தம் இருக்கிறது. பிள்ளை சொன்ன பதில் அவர்களுக்கு விளங்கவில்லை என்று நற்செய்தியாளர் மறைக்காமல் எழுதுகிறார்.

மாசற்ற தாயும் நீதிமானான தகப்பனும், 'கூட்டத்தில் யாராவது பார்த்துக்கொள்வார்கள்' என்று நம்பினார்கள். அவர்களைக் குறை சொல்ல நமக்கு என்ன தகுதி? ஆனால் அந்த நம்பிக்கை போதாது என்பதை லூக்கா நமக்காகவே எழுதி வைத்திருக்கிறார். உங்கள் பிள்ளை முகாமில் மூன்று இரவுகள் தங்கப்போகிறதா? அங்கே பொறுப்பாக இருப்பவர் யார், அவருடைய தொலைபேசி இலக்கம் என்ன, இரவில் பிள்ளைகள் எங்கே படுப்பார்கள், பெண்பிள்ளைகளோடு தங்கும் பெண் பொறுப்பாளர் யார், மைதானத்திலிருந்து தங்குமிடத்துக்கு யார் அழைத்துப் போவார் என்று முன்கூட்டியே கேளுங்கள். கேட்டால் மரியாதைக் குறைவு என்று நினைக்கவேண்டாம். சுவாமிமார் நடத்துகிற முகாமானாலும், கன்னியர் நடத்துகிற முகாமானாலும் கேளுங்கள். குருவானவன் என்ற முறையில் சொல்கிறேன், நேர்மையாக நடத்துகிறவர்கள் இந்தக் கேள்விகளைக் கேட்டு முகம் சுளிக்கமாட்டார்கள். முகம் சுளித்தால் பிள்ளையை அனுப்பாதீர்கள்.

இதைப் போலவே பிள்ளைக்கும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். அங்கே யாராவது, அவர் எவ்வளவு பெரிய ஆளானாலும், உன் மனதுக்கு ஒவ்வாத விதமாக நடந்துகொண்டால் அன்றைக்கே அம்மாவிடம் சொல்லு, உன்னை ஏசமாட்டோம் என்று. இது பயமுறுத்தல் அல்ல. சாப்பாட்டுப் பார்சலோடு கட்டிக் கொடுக்க வேண்டிய பாதுகாப்பு.

கச்சான் காற்றுக் காலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆகஸ்டில் நம் கரையில் அடிக்கும் வெக்கையை அறியாதவர் இல்லை. காலை ஒன்பது மணிக்குப் பிறகு மைதான மணலில் வெறுங்காலை வைக்க முடியாது. பயிற்சி விடியற்காலையிலும் மாலை நான்கு மணிக்குப் பிறகும்தானா என்று விசாரியுங்கள். பிள்ளைக்குத் தாகம் எடுத்த பிறகு தண்ணீர் கொடுப்பது பிந்திய வேலை. தாகம் எடுக்கும் முன்பே கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கப் பழக்குங்கள். இளநீர், மோர், உப்பும் சீனியும் கலந்த தேசிக்காய்த் தண்ணீர் ஆகியவை கடையில் விற்கும் நிறம் போட்ட போத்தல்களை விட மேலானவை, மலிவானவை. தலையிடி, வாந்தி, தடுமாற்றம் என்று பிள்ளை சொன்னால் 'இன்னும் ஒரு சுற்று ஓடு' என்று சொல்லும் பயிற்றுநரிடம் பிள்ளையை விட்டுவைக்கக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை பற்றி ஒரு தாயார் எமக்கு எழுதிக் கேட்டிருந்தார்: "சுவாமி, மகனுக்கு ஞாயிறு காலையிலும் பயிற்சி இருக்கிறது. பூசை தவறினால் பாவமா?" முகாம் நடத்துகிறவர்களிடம் முதலில் கேட்டுப் பாருங்கள். கத்தோலிக்கப் பிள்ளைகள் இத்தனை பேர் இருக்கிறார்கள், ஒரு மணித்தியாலம் விடுங்கள் என்றால் பெரும்பாலும் விடுவார்கள். நாம் கேட்பதில்லை, அதுதான் குறை. அதற்கும் வழியில்லையெனில் சனிக்கிழமை மாலைத் திருப்பலி இருக்கிறது. ஞாயிறுக் கடமையை முந்திய நாள் மாலையிலேயே நிறைவேற்றலாம் என்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பு தெளிவாகச் சொல்லுகிறது. ஆனால் 'விளையாட்டு இருந்தால் பூசையைத் தள்ளலாம்' என்ற பாடத்தை மட்டும் பிள்ளை கற்றுக்கொண்டு வீடு திரும்பக் கூடாது. அது ஒருமுறை கற்றுக்கொண்டால் எளிதில் மறக்காத பாடம்.

விளையாட்டைப் பற்றித் திருச்சபைக்குத் தாழ்ந்த எண்ணம் என்றும் இருந்ததில்லை. புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதும்போது ஓட்டப்பந்தய வீரனையும் குத்துச்சண்டை வீரனையும் உதாரணம் காட்டுகிறார். கொரிந்து நகருக்கு அருகே இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பெரிய விளையாட்டு விழா நடந்துவந்தது. வென்றவனுக்குக் கிடைத்தது இலைகளால் கட்டிய ஒரு கிரீடம். அது சில நாட்களில் வாடிவிடும். அந்த வாடிப்போகும் இலைக்காக அவர்கள் தம்மை எவ்வளவு ஒடுக்கிப் பயிற்சி செய்கிறார்கள் பாருங்கள் என்கிறார் அப்போஸ்தலர். அவர் வீரனை இகழவில்லை. அவனுடைய கட்டுப்பாட்டை மெச்சுகிறார். நாம் வீடுகளிலே இதைத் தலைகீழாக்கிவிடுகிறோம். கட்டுப்பாட்டை விட்டுவிட்டு இலையைப் பிடித்துக்கொள்கிறோம். பிள்ளை தோற்றுவிட்டு வானில் ஏறும்போது தகப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டால், அந்த நீண்ட வழி முழுவதும் அந்தப் பிள்ளை என்ன எண்ணிக்கொண்டு வரும்? நடுவரை ஏசுவதும் மற்றக் கட்சிப் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கேலி செய்வதும் மைதான ஓரத்தில் நின்று நாம் கற்பிக்கிற ஞானோபதேசம்.

நமது மறைமாவட்டத்துக்கு இந்த விடயத்தில் ஒரு பெருமை உண்டு. மட்டக்களப்பு நகரிலே வெபர் மைதானம் என்று சொல்கிறோமே, அது ஹரல்ட் வெபர் என்ற அமெரிக்க இயேசு சபைக் குருவின் பெயர். பிள்ளைகளை ஓடவும் பாயவும் பழக்கிய குருவின் பெயரை ஊர் தன் மைதானத்துக்கு வைத்திருக்கிறது. அவரைப் போலவே இன்னொருவர், அருட்தந்தை யூஜின் ஹேபர்ட். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் பிறந்து, 1948இல் இளம் இயேசு சபைத் துறவியாக இலங்கைக்கு வந்தவர். புனித மிக்கேல் கல்லூரியின் கூடைப்பந்தாட்டத்தை நாடறியச் செய்தவர்களுள் முன் வரிசையில் நிற்பவர். பிற்காலத்தில் தொழில்நுட்ப நிலையத்தில் இளைஞருக்குத் தொழில் கற்பிக்கும் பணியையும் ஏற்றார். இன்று தலை நரைத்த எத்தனையோ தகப்பன்மார் அவருடைய விசில் சத்தத்துக்கு ஓடியவர்கள். இந்த முகாமுக்கு உங்கள் பிள்ளையைக் கொண்டுபோகிறபோது, பந்தைக் கையில் பிடிக்க இந்த ஊருக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் யாரென்று பிள்ளைக்குச் சொல்லுங்கள். அவருடைய முடிவைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்குக் கீழே வருவோம்.

இனி வழியைப் பார்ப்போம்.

கல்முனைப் பக்கத்திலிருந்து வரும் குடும்பங்களுக்கு வழி ஒன்றுதான். ஒருபுறம் கடல், மறுபுறம் வாவி. இடையிலே ஒரு நாடா போல நீண்டு கிடக்கும் எழுவான்கரை மணல். அதன்மேல் கல்முனை வீதி. பெரியகல்லாறு தாண்டி, களுவாஞ்சிகுடி, களுதாவளை, தேற்றாத்தீவு, செட்டிபாளையம், குருக்கள்மடம், கிரான்குளம், புதுக்குடியிருப்பு, தாழங்குடா, ஆரையம்பதி, காத்தான்குடி, கல்லடி. பாலத்தைக் கடந்தால் மட்டக்களப்பு நகர். படுவான்கரைப் பிள்ளைகள் வாவிக்கு அப்பாலிருந்து வரவேண்டும். மண்முனையில் 2014இல் பாலம் திறந்தது பெரிய உதவி. அம்பிளாந்துறைப் பக்கத்தார் வாவியைக் குறுக்கே கடந்து குருக்கள்மடம் துறையில் இறங்குவதே அவர்கள் பழகிய வழி. ஆட்களையும் சைக்கிளையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக் கடத்தும் அந்த மிதவைக்கு நம் ஊரார் வைத்த பெயர் 'பாதை'. தண்ணீரின் மேல் நகருகிற ஒன்றுக்குப் பாதை என்று பெயர் வைத்த அறிவை எண்ணி நான் பலமுறை வியந்திருக்கிறேன்.

குருக்கள்மடம். பெயரைக் கவனித்துப் பாருங்கள். மடம் என்றால் என்ன? வழிப்போக்கர் வந்து இறங்கி, கால் கழுவி, தண்ணீர் குடித்து, இரவு தங்கிப் போகிற இடம். நம் கரையிலே மடம் என்று முடியும் ஊர்ப்பெயர் இன்னும் உண்டு. ஓந்தாச்சிமடம் என்ற பெயரும் அப்படித்தான். நம் முன்னோர் நடந்தும் மாட்டுவண்டியிலும் பயணம் செய்த காலத்தில், வழிப்போக்கனுக்கு ஒரு கூரை வேண்டும் என்று நினைத்ததன் அடையாளம் அந்தச் சொல்.

அந்தப் பெயர் தாங்கிய இடத்தருகே, 1990ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், கல்முனைப் பக்கத்திலிருந்து காத்தான்குடிக்கு இதே வீதியால் வீடு திரும்பிக்கொண்டிருந்த முஸ்லிம் பயணிகள் மறிக்கப்பட்டார்கள். மறித்தவர்கள் ஆயுதம் தாங்கிய விடுதலைப் புலிகள். பயணிகளில் பெண்களும் பிள்ளைகளும் இருந்தார்கள். மக்காவுக்குப் புனித யாத்திரை சென்று திரும்பியவர்களும் இருந்தார்கள். அவர்கள் வீடு போய்ச் சேரவில்லை. கொல்லப்பட்டு, அருகிலேயே புதைக்கப்பட்டார்கள் என்று அவர்களுடைய குடும்பத்தார் அன்று முதல் சொல்லி வருகிறார்கள். அந்த இடத்தைத் தோண்டி, எலும்புகளையாவது எடுத்து, தங்கள் மார்க்க முறைப்படி அடக்கம் செய்ய விடுங்கள் என்று கேட்டுக் களுவாஞ்சிகுடி நீதிமன்றம் வரை போனார்கள். 2014இல் தோண்டுவதற்கு நாள் குறிக்கப்பட்டுத் தள்ளிப்போனது. பத்தாண்டு கழிந்து 2025இலும் அதே விடயம் மீண்டும் நீதிமன்றத்தின் முன் வந்தது.

அன்பானவர்களே, ஒரு கத்தோலிக்கப் பத்திரிகையிலே, விடுமுறைப் பயணத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்து, சுவாமி ஏன் இங்கே கொண்டுவந்து நிறுத்துகிறார் என்று உங்களில் சிலருக்கு மனம் சங்கடப்படும். எனக்குத் தெரியும். "எங்களுக்கு நடக்காததா?" என்று கேட்பீர்கள். நடந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் சத்துருக்கொண்டானில் குழந்தைகள் உட்பட நமது மக்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் ஒரே நாளில் அழிக்கப்பட்டார்கள். அதே மாதம் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் அடைக்கலம் புகுந்திருந்த நம் இளைஞர்களை இராணுவம் கொண்டுபோனது, திரும்பி வரவில்லை. 2019ஆம் ஆண்டு உயிர்ப்பு ஞாயிறன்று மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலே ஞாயிறுப் பாடசாலைப் பிள்ளைகள் துண்டு துண்டாகச் சிதறினார்கள். அந்தப் பிள்ளைகளின் தாய்மாரை நாம் தெருவில் காண்கிறோம். இதையெல்லாம் மறந்துவிட்டு எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள்.

ஆனால் நம் காயத்தை நாம் சொல்லுகிறபோது மற்றவன் செவிகொடுக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம் அல்லவா? அவனுடைய காயத்தை அவன் சொல்லுகிறபோது, வானின் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, பாட்டைக் கூட்டி வைத்துவிட்டுக் கடந்து போகிறோம். அந்தப் பயணிகளை மறித்தவர்கள் நமது மொழி பேசியவர்கள். நமது பெயராலே செய்வதாகச் சொன்னவர்கள். 'நாம் செய்யவில்லையே' என்பது உண்மைதான். குருக்கள்மடத்து மக்களும் செய்யவில்லை. அந்த ஊராரின் மேல் இந்தப் பழியைச் சுமத்துவது பெரிய அநியாயம். ஆயுதம் வைத்திருந்தவனிடம் அன்றைக்கு அவர்களால் என்ன பேசியிருக்க முடியும்? இருந்தாலும், செய்யாதவர்களாகிய நமக்கு வாய் இருக்கிறது. அந்த வாயால் இந்த முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக என்ன சொன்னோம் என்பது வேறு கேள்வி.

நல்ல சமாரியன் உவமையை நாம் பிறந்த நாளிலிருந்து கேட்டு வருகிறோம். கேட்டுக் கேட்டு அதன் கூர் மழுங்கிவிட்டது. எருசலேமிலிருந்து எரிக்கோவுக்கு ஏறத்தாழ 27 கிலோமீற்றர். அவ்வளவு தூரத்துக்குள்ளே ஆயிரம் மீற்றர் இறக்கம். பாறையும் வளைவும் நிறைந்த, கள்வருக்கு வசதியான வழி. அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டு விலகிப் போன குருவும் லேவியனும் கெட்டவர்கள் என்று இயேசு சொல்லவில்லை. அவர்கள் வேலையுள்ளவர்கள். போய்ச் சேரவேண்டிய இடம் உள்ளவர்கள். நம்மைப் போலப் பயண ஒழுங்கு எழுதி வைத்திருந்தவர்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய குற்றம் ஒன்றே: கண்டார்கள், வீதியின் மறுபக்கத்தால் போனார்கள். நின்றவனோ வேற்றினத்தான். இயேசுவின் காலத்து யூதருக்குச் சமாரியன் என்ற சொல் காதில் எப்படி விழுந்திருக்கும் என்பதை அறிய விரும்பினால், நம் வீட்டுத் திண்ணையில் பெரியவர்கள் காத்தான்குடியாரைப் பற்றிப் பேசும் தொனியை நினைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் வீட்டுத் திண்ணையில் நம்மைப் பற்றிப் பேசும் தொனியும் அப்படித்தான் இருக்கும்.

இப்போது ஹேபர்ட் சுவாமியாருக்கு வருவோம்.

அதே 1990. ஆகஸ்ட் 3ஆம் நாள் இரவு காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் சுடப்பட்டு இறந்தார்கள். அடுத்த வாரம் ஏறாவூரில் முஸ்லிம் மக்கள், பிள்ளைகளும் பெண்களுமாக, நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். பழிக்குப் பழியாகத் தமிழரும் வீதிகளில் பிடிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். வீதி என்பது வழி என்ற பொருளை இழந்துபோன நாட்கள் அவை. அந்த நாட்களில் வாழைச்சேனையில் இருந்த கன்னியரின் நிலையைப் பார்க்கச் சென்றிருந்த ஹேபர்ட் சுவாமியார், ஆகஸ்ட் 15, மாமரியின் விண்ணேற்புத் திருநாளன்று, ஓர் இளைஞரையும் ஏற்றிக்கொண்டு தமது ஸ்கூட்டரில் மட்டக்களப்பை நோக்கிப் புறப்பட்டார். அவருக்கு அப்போது வயது அறுபத்தாறு. ஏறாவூர்ப் பக்கத்து வழியில் அவரும் அந்த இளைஞரும் மறைந்தார்கள். ஸ்கூட்டரும் கிடைக்கவில்லை, உடல்களும் கிடைக்கவில்லை. இன்றுவரை கிடைக்கவில்லை.

கவனித்தீர்களா? மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே ஒரு வீதி, வடக்கே ஒரு வீதி. ஒன்றில் ஜூலையிலே வீடு திரும்பிய முஸ்லிம் பயணிகள்; மற்றதில் ஆகஸ்டிலே வீடு திரும்பிய நமது குரு. இருசாராருக்கும் கல்லறை இல்லை. நமது குருவுக்காக நாம் ஆண்டுதோறும் பூசை ஒப்புக்கொடுக்கிறோம். எங்கே புதைத்தார்கள் என்று யாராவது சொல்லமாட்டார்களா என்று ஏங்குகிறோம். அந்த ஏக்கத்தின் பாரம் நமக்குத் தெரியும். ஆகையால் காத்தான்குடியில் ஒரு வயோதிபத் தாய், தன் கணவனுடைய எலும்பை வெள்ளைத் துணியில் சுற்றி அடக்கம் செய்ய வேண்டும் என்று கேட்டால், 'பழையதை ஏன் கிளறுகிறீர்கள்' என்ற சொல் நமது வாயில் வரவே கூடாது. மற்ற யாருடைய வாயில் வந்தாலும் ஹேபர்ட் சுவாமியாரின் பங்கு மக்கள் வாயில் வரக்கூடாது.

பிள்ளைகளிடம் இதைச் சொல்வதா? சின்னஞ் சிறுசுகளிடம் வேண்டாம். வானில் நித்திரை கொள்ளும் ஆறு வயதுப் பிள்ளையை எழுப்பிச் சொல்லும் கதை அல்ல இது. ஆனால் பன்னிரண்டு வயது வேறு. பன்னிரண்டு வயதிலேதான் இயேசு ஆலயத்தில் அமர்ந்து கேள்வி கேட்டார். உங்கள் மகனும் கேட்பான். காத்தான்குடி வீதி நடுவே பேரீச்ச மரங்களைக் கண்டு, "அப்பா, இங்க ஏன் எல்லாம் வேற மாதிரி இருக்கு?" என்பான். முகாமிலே அவனோடு ஒரே கட்சியில் விளையாடும் முஸ்லிம் பிள்ளையின் வீட்டுக்குப் போகலாமா என்று கேட்பான். அப்போது நீங்கள் முகத்தைச் சுளித்து, "அவங்களோட அளவா வச்சுக்கொள்" என்று சொன்னால் போதும். வேறு எதுவும் சொல்லத் தேவையில்லை, அவன் எல்லாவற்றையும் கற்றுக்கொள்வான். அதற்குப் பதிலாக, நடந்ததை நடந்தபடி, நம் பக்கத்துப் பிழையையும் சேர்த்து, வெறுப்பில்லாத குரலில் சொல்லுங்கள். உங்களுக்கே முழுவதும் தெரியாவிட்டால் தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள். பொய் சேர்க்கவேண்டாம். தொகையைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

இந்தப் பெற்றோரில் பலர் அந்த நாட்களில் தாமே பிள்ளைகளாக இருந்தவர்கள். சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து இறங்கி, பையைத் திறந்து காட்டி, வரிசையில் நடந்து, மறுபக்கத்தில் மீண்டும் ஏறியவர்கள். அந்த வரிசையில் அம்மாவின் கை எப்படி இறுகியது என்பது உங்களுக்கு நினைவிருக்கும். அதைப் பிள்ளைக்குச் சொல்லலாம். உங்கள் கை இறுகியது போலவே அந்த ஜூலை மாதத்தில் ஓர் உம்மாவின் கையும் இறுகியிருக்கும் என்றும் சொல்லலாம்.

நடைமுறைக்குச் சில விடயங்கள். வான் பிடிக்கிறவர்கள் சாரதி முந்திய இரவு நித்திரை கொண்டவரா என்று பாருங்கள். பாதி வாடகைக்கு வருகிறேன் என்று சொல்லி இரவு முழுவதும் கொழும்புக்கு ஓடிவிட்டு விடியற்காலை உங்களை ஏற்ற வருகிற சாரதி மலிவானவர் அல்லர். முன் ஆசனத்தில் மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு போகாதீர்கள். மோட்டார் சைக்கிளில் தகப்பன், தாய், இரண்டு பிள்ளைகள், பந்துப் பை என்று போகிறவர்களைக் கல்லடிப் பாலத்தில் காணும்போது, காவல்தூதர்களுக்கு இவ்வளவு வேலை கொடுக்கலாமா என்றுதான் எண்ணத் தோன்றுகிறது. கண்ணாடியில் தொங்கும் செபமாலை நல்லது, தலைக்கவசமும் நல்லது.

வீட்டில் விளையாட்டில் சேராத பிள்ளை ஒன்று இருக்கும். அண்ணனுடைய முகாம், அண்ணனுடைய சப்பாத்து, அண்ணனுடைய போட்டி என்றே முழு விடுமுறையும் போனால் அந்தத் தங்கச்சியின் மனதில் என்ன முளைக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பயணத்தில் ஒரு நாளை அவளுக்கென்று ஒதுக்குங்கள். அவள் எங்கே போக ஆசைப்படுகிறாள் என்று கேளுங்கள். கடலாயிருக்கலாம், மாமி வீட்டுப் பூனைக்குட்டியாகவும் இருக்கலாம்.

தேற்றாத்தீவில் இறங்குகிறவர்கள் யூதாததேயுவிடம் பிள்ளையின் வெற்றிக்காக மட்டும் மன்றாடாதீர்கள். கைவிடப்பட்ட காரியங்களின் பரிந்துரையாளர் அவர். சில நிமிடத் தூரத்தில், தோண்டப்படாத ஒரு மணல் கிடக்கிறது. அதைவிடக் கைவிடப்பட்ட காரியம் இந்த வீதியில் எது? அங்கே ஒரு செபமாலையின் ஒரு பத்து மணியை அந்தப் பயணிகளுக்காகவும், அவர்களைத் தேடிக் கிழடாகிப்போன குடும்பத்தாருக்காகவும் ஒப்புக்கொடுங்கள். குருக்கள்மடத்தைக் கடக்கும்போது பாட்டை நிறுத்துங்கள். இறங்க வேண்டாம், படம் பிடிக்க வேண்டாம், ஊராரிடம் போய் 'எந்த இடம்' என்று விசாரித்து அவர்களைச் சங்கடப்படுத்தவும் வேண்டாம். பாட்டை நிறுத்தினால் பிள்ளை ஏனென்று கேட்கும். அப்போது சொல்லுங்கள்.

காத்தான்குடியில் பிள்ளைக்குச் சப்பாத்து வாங்க இறங்குவீர்கள். எல்லோரும் இறங்குகிறோம், விலை குறைவு. பேரம் பேசி முடிந்ததும் கடைக்காரரிடம் பிள்ளையின் முகாமைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுங்கள். அவருடைய பிள்ளையும் அங்கே வரலாம். முகாமில் உணவு பகிர்ந்துகொள்ளும் வேளை வந்தால், முஸ்லிம் பிள்ளைக்குக் கொடுக்கக்கூடியது எது, கூடாதது எது என்பதை உங்கள் மகனுக்கு முன்பே சொல்லிவையுங்கள். கொடுக்கும்போது அவமானப்படாதபடி கொடுக்க வேண்டும். பழம், பிஸ்கட், மரக்கறி ரொட்டி என்றால் யோசிக்கவே வேண்டாம்.

கடைசியாக, வானில் ஓர் இடம் மிச்சமிருந்தால் அதைப் பற்றி. படுவான்கரையிலிருந்து முகாமுக்கு வர விருப்பமிருந்தும் போக்குவரத்துச் செலவுக்கு வழியில்லாத பிள்ளைகளின் பெயர்கள் அந்தந்தப் பங்குச் சுவாமிமாரிடம் இருக்கும். புறப்படுவதற்கு ஒரு கிழமைக்கு முன் அவரோடு பேசி, பிள்ளையின் தாய் தகப்பனோடும் பேசி, ஒழுங்கு செய்துகொள்ளுங்கள். அம்பிளாந்துறைப் பக்கத்துப் பிள்ளை என்றால் விடியற்காலை முதல் பாதையில் ஏறிவந்து குருக்கள்மடம் துறையில் நிற்கும். நீங்கள் பிந்தினால் அது வெயிலில் நிற்கவேண்டி வரும். ஆகையால் களுவாஞ்சிகுடியில் தேநீருக்கு நிறுத்தாமல், தேநீரைப் போத்தலில் கொண்டுபோய்த் துறையிலேயே நின்று குடியுங்கள். அந்தப் பிள்ளைக்கும் ஒரு கோப்பை ஊற்றிக் கொடுங்கள்.